சகாரா கவர்னர் வீட்டு வாசல்

சினிமாவில் செட்டிங் பகுதிக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு,

உங்கள் சங்கத்து ஆண்டு விழாவில் என்னை மேடையேறி நாலு வார்த்தை பேசச் சொன்னீர்கள். நான் அந்த நேரம் பந்தலுக்குப் பின்பக்கம் நின்று கயிறுகளை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கயிறுகள் சரியாகத்தான் இருந்தன. மாலையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவர் புதியவர், என் முகம் தெரியாது. "அந்த ஆள் இப்பத்தான் பஸ் ஏறினார்" என்று அவரிடம் நானே சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த மாலை யார் கழுத்தில் விழுந்தது என்று நான் இன்றுவரை விசாரிக்கவில்லை.

பேச வராவிட்டால் எழுதித் தாருங்கள் என்று உங்கள் செயலாளர் கேட்டார். நாலாம் வகுப்போடு நின்றவன் எழுத்து இது. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

பலகை அறுப்பது, சாக்குத்துணியில் சுண்ணாம்பு நிற்கவைப்பது எல்லாம் உங்கள் மேஸ்திரிகள் சொல்லித் தருவார்கள். நான் ஒரே ஒரு வாசலைப் பற்றிச் சொல்கிறேன். சகாரா பாலைவனத்தில் ஒரு எல்லையூர். அந்த ஊரில் கவர்னர் வீட்டு வாசல். ஊர் இருந்த இடம் அடையாறு முகத்துவாரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்புக்கும் குப்பத்துக்கும் நடுவில்.

டாக்கி என்ற பேசும் படம் வந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. எல்லோரும் புராணம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் எடுக்காததை எடுக்கவேண்டும் என்று எங்கள் முதலாளிக்கு ஆசை வந்தது. டைரக்டர் மயிலாப்பூர் மாட வீதிக்காரர். கதையும் அவருடையதுதான், வசனமும் அவருடையதுதான். ராமேசுவரத்துக்கு அப்பால் போனதில்லை. ஆனாலும் சகாராவில் ஒரு கதையைக் கட்டிவிட்டார். ஒட்டகத்தில் உப்பு ஏற்றிக்கொண்டு எல்லையூருக்கு வரும் வாலிபன், கவர்னர் மகளை விரும்புகிறான். கவர்னர் அவனை விரட்டுகிறார். அவன் வாசலில் நின்று பாடிக் கெஞ்சுகிறான். கடைசியில் கவர்னர் மனம் மாறி, கதவைத் திறந்து வெளியே வந்து, பெண்ணைக் கொடுத்து, தானும் ஒரு பாட்டுப் பாடி வாழ்த்துகிறார்.

அந்தக் கடைசிப் பாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கவர்னர் வேஷம் போட்டவர் நாடகத்தில் பழுத்தவர். எந்த நாடகமானாலும் அவருக்குக் கொடுங்கோலன் வேஷம்தான். பாதி நாடகத்துக்குள் கொன்றுவிடுவார்கள். மீதி நாடகத்துக்கு அவர் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து வெற்றிலை போடுவார். "கடைசிவரைக்கும் உயிரோட இருக்கணும், கடைசிப் பாட்டு என்னுதா இருக்கணும். வேற எதுவும் கேக்கல" என்று சொல்லித்தான் இந்தப் படத்துக்கு ஒப்புக்கொண்டார். டைரக்டர் கபாலீசுவரர் மேல் ஆணையாக வாக்குக் கொடுத்திருந்தார். நாங்கள் எல்லோரும் அவரைக் கவர்னர் என்றே கூப்பிட்டோம். அவருக்கும் அது பிடித்திருந்தது.

சகாரா எப்படி இருக்கும் என்று சொல்ல எங்களுக்கு ஒரே ஒரு ஆள் கிடைத்தார். ராயப்பேட்டை பாய் ஒருவர். ஜெர்மன் சண்டையின்போது பட்டாளத்து ஒட்டகங்களுக்குத் தீனி வைக்கப் போய், எகிப்துக்கு மேற்கே ஒரு எல்லையூரில் பல மாதம் கிடந்தவர். படத்துக்கு வேண்டிய ஒட்டகமும் அவரிடமே இருந்தது. பக்ரீத்துக்காக வடக்கிலிருந்து நடத்திக் கொண்டுவந்த ஒட்டகம். பாய்க்கு அதை அறுக்க மனம் வராமல் வைத்துக்கொண்டார்.

"எல்லைன்னா வேலி போட்டிருப்பாளோ?" என்று டைரக்டர் கேட்டார்.

"வேலி இன்னாத்துக்கு ஐயிரே? கல்லு அடுக்கி சுண்ணாம்பு அடிச்சி வெச்சிருப்பான். அதுக்கு இந்தாண்ட இங்கிலீஷ்காரன், அந்தாண்ட இத்தாலிக்காரன். ஆட்டுக்கு அது தெரியுமா? கெணறு இந்தாண்ட கீது, பேரீச்ச மரம் அந்தாண்ட கீது. தண்ணி மொள்ள வர்றவளும் பழம் பறிக்கப் போறவனும் புருசன் பொஞ்சாதி."

"சிப்பாய்கள் தடுக்க மாட்டாளா?"

"காலையில தடுப்பான். மத்தியான வெயில்ல எவன் தடுப்பான்? காவல் சவுக்கியில பூந்து தூங்கிடுவான்."

"வீடெல்லாம்?"

"மண்ணு வூடுதான். உப்புக் கலந்த மண்ணு, பாறையாட்டம் இறுகிக்கும். மழை பேஞ்சா ஊரே கரைஞ்சிபூடும். மத்தவங்க மழைக்கு வேண்டிப்பாங்க. அந்த ஊர்ல மழ வராம இருக்க வேண்டிப்பாங்க."

அவர் சொன்னதில் எது பார்த்தது, எது எங்கள் எதிரில் நின்றுகொண்டே யோசித்தது என்று கண்டுபிடிக்க எங்களுக்கு வழியில்லை. மூங்கில் தட்டியில் களிமண் பூசி, மேலே சுண்ணாம்பும் மணலும் அடித்து, ஊரை எழுப்பினோம். முன்பக்கம் பார்த்தால் கோட்டை. பின்பக்கம் பார்த்தால் கீற்றும் சவுக்குக் கழியும். எல்லைக்குக் கற்களை அடுக்கி வெள்ளையடித்தோம்.

டைரக்டருக்கு இருந்த பெரிய கவலை அலைச் சத்தம். பாலைவனத்தில் கடல் இரைந்தால் ஜனங்கள் சிரிக்க மாட்டார்களா? பாய் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டார். "அச்சா இதே சத்தம்தான் ஐயிரே. ராவும் பகலும் காத்து இப்டித்தான் உறுமும். தூக்கமே வராது" என்றார். அதோடு அலைக்கும் சம்பளமில்லாமல் வேலை கிடைத்தது. காக்காய்களுக்குத்தான் பாயிடமும் பதில் இல்லை. அவற்றை விரட்டத் தனியாக ஆள் போட்டோம்.

என் வேலை பின்னால் நடப்பது. சிரிக்காதீர்கள். பாலைவன மணலில் கால்தடம் இருக்கக்கூடாது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் நீளமான ஈர்க்குமாறு ஒன்றை வைத்து மணலைச் சமப்படுத்திக்கொண்டே பின்னால் நடந்து காமிரா பக்கம் வந்துவிடவேண்டும். யார் முகத்தையும் பார்க்கவேண்டியதில்லை, யாரோடும் பேசவேண்டியதில்லை. கூச்சக்காரனுக்கு அதைவிட நல்ல உத்தியோகம் சர்க்காரில்கூடக் கிடையாது. அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு பிள்ளை இருந்தான். "இன்னிக்கு எவ்ளோ தூரம் பின்னால போனீங்க?" என்று என் மனைவி தினமும் கேட்பாள்.

எல்லைச் சிப்பாய்கள் எல்லோரும் குப்பத்து ஆட்கள். காக்கி உடுப்பும் மரத் துப்பாக்கியும் கொடுத்திருந்தோம். முதல் நாளே, காமிரா வருவதற்குள், பக்கத்துக் குப்பத்துக்குக் கூடையோடு போய்க்கொண்டிருந்த மீன்காரம்மா ஒருத்தியை மறித்துவிட்டார்கள்.

"நில்லு. இது எல்லை. பாஸு வெச்சினுகீறியா?"

"எங்கப்பன் காலத்துலேர்ந்து இதான்டா வழி. நீ முனியன் மவன்தானே? உங்காத்தா என்கிட்ட கடனா வாங்கின கருவாட்டுக்கு பாஸு குடுத்தாளா?"

"அதெல்லாம் வூட்டாண்ட பேசு. இங்க நான் சிப்பாயி."

கூடையில் இருந்த மீன் கழுவிய தண்ணீர் முழுவதும் அந்தச் சிப்பாயின் தலையில் இறங்கியது. அன்று பகல் பூராவும் ஒட்டகம் அவன் பக்கத்தில் நிற்க மறுத்தது. தம்பிகளே, உடுப்பைக் கடைசி நிமிஷத்தில் கொடுங்கள். காக்கிச் சட்டைக்குள் போன மனுஷன் கதைக்காகக் காத்திருக்கமாட்டான்.

குப்பத்துக் கிழவர் ஒருவரும் அங்கே இருந்தார். கடலுக்குப் போவதை விட்டு வெகுநாளானவர். எல்லைக் கல் அவருக்கு நல்ல உயரமாக இருந்தது. தினமும் காலையில் வந்து அதன்மேல் உட்கார்ந்து பீடி பிடிப்பார். ஷாட் வைக்கும்போதெல்லாம் இரண்டு தேசத்துக்கும் நடுவிலிருந்து அவரை எழுப்பவேண்டும். கவர்னர் அந்த நேரத்தில்தான் தன் கடைசிப் பாட்டைப் பாடிப் பழகுவார். கேட்க ஆள் வேண்டுமே. கிழவர் தலையை ஆட்டிக்கொண்டு கேட்பார். முடிந்ததும், "இன்னொரு தபா பாடு சாமி. ஜோரா கீது" என்பார். கவர்னர் இன்னொரு தடவை பாடுவார். மழைக்கு ஒதுங்கினாற்போல நாங்கள் எல்லோரும் தள்ளிப் போய்விடுவோம். கிழவர் மட்டும் நகரமாட்டார்.

இனி வாசலுக்கு வருகிறேன். இரவில் செட்டைப் பார்த்துக்கொள்ள ஏழுமலை என்பவரை வைத்திருந்தோம். கிழவரின் தம்பி மகன். அவரும் அவர் மனைவி கன்னியம்மாவும் கவர்னர் வீட்டுக்குப் பின்பக்கம், கீற்றுச் சார்ப்பில் குடியிருந்தார்கள். பின்பக்கம் வழியே கிடையாது. ஆகவே கவர்னர் வீட்டு வாசல்தான் அவர்களுக்கும் வாசல். கன்னியம்மா விடிந்ததும் அந்த வாசலைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, ஒரு பெரிய தாமரைக் கோலம் போட்டுவிடுவாள். நாங்கள் ட்ரக்கில் வந்து இறங்கும்போது கோலம் காய்ந்து பளிச்சென்று இருக்கும்.

நான் மணலைப் பெருக்கினேன். காமிராக்காரர் வெளிச்சம் பார்த்தார். டைரக்டர் வசனம் பார்த்தார். வாலிபன் ஒட்டகத்தில் வந்து இறங்கி, வாசலில் நின்று கெஞ்சிப் பாடினான். சிப்பாய்கள் இரு பக்கமும் நின்றார்கள். எல்லாம் பிரமாதம் என்றார்கள்.

சில நாள் கழித்து, கழுவி வந்த பிலிமை இருட்டறையில் போட்டுப் பார்த்தோம். முதலாளியும் வந்திருந்தார். திரையில் சகாரா விரிந்தது. மண் கோட்டை, வெள்ளைக் கற்கள், ஒட்டகம். முதலாளி, "பேஷ்" என்றார். அப்புறம் கவர்னர் வீட்டு வாசல் வந்தது. வாசலில் தாமரைக் கோலம்.

பாலைவனத்து வாலிபன் ஒட்டகத்திலிருந்து இறங்கி, கோலத்தை மிதிக்காமல் ஓரமாகச் சுற்றி வந்து, பாட ஆரம்பித்தான். சிப்பாய்கள் கோலத்துக்கு இடம் விட்டு நின்றார்கள். துப்பாக்கியோடு ஓடிவந்த ஒருவன்கூட ஒரு எட்டு தள்ளி வைத்துத் தாண்டினான். ஒட்டகம் மட்டும்தான் நேராக மிதித்துக்கொண்டு போயிற்று. அந்தக் கூட்டத்தில் சகாராக்காரன் மாதிரி நடந்துகொண்டது அது ஒன்றுதான்.

டைரக்டர் எழுந்து நின்றுவிட்டார். "என்னடா இது? சகாராவிலே யாருடா கோலம் போட்டுண்டிருக்கா?"

ஷாட் எடுத்த அன்று அத்தனை பேரும் அங்கே இருந்தோம், அத்தனை பேரும் அதைச் சுற்றிக்கொண்டு நடந்திருக்கிறோம், டைரக்டர் உட்பட. ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. வாசல் என்றால் அது இருக்கும். இல்லாவிட்டால்தான் பார்த்திருப்போம்.

திரும்ப எடுக்க வழியில்லை. வாலிபனாக நடித்தவர் நாடகக் கம்பெனியோடு கொழும்புக்குக் கப்பலேற இருந்தார். மீதி நாட்கள் மீதிக் காட்சிகளுக்கே போதாது. முதலாளி மெதுவாக, "அது என்ன, தரையிலே வெள்ளையா?" என்று கேட்டார். எல்லோரும் பாயைப் பார்த்தோம்.

பாய் தாடியைத் தடவிக்கொண்டார். "தேளு" என்றார்.

"தேளா?"

"பாலைவனத்துல தேளு ஜாஸ்தி மொதலாளி. வாசல்ல சுண்ணாம்புல இப்டி சுத்தி சுத்தி கோடு போட்டா, அது வழி தெரியாம சுத்தினே இருக்கும், உள்ள வராது. பெரிய மன்சன் வூட்டுல பெருசா போடுவாங்க. கவர்னர் வூடாச்சே."

முதலாளிக்குப் பரம சந்தோஷம். "பாருங்கள், எவ்வளவு நுணுக்கமாகச் செய்திருக்கிறார்கள்!" என்று டைரக்டர் முதுகில் தட்டினார். டைரக்டர் ஒட்டகத்துக்குத் தீனிப்படி உயர்த்தினார். பாய் கேட்கவேயில்லை.

ஆனால் பொய்யைப் பராமரிக்கவேண்டும் அல்லவா? அன்றிலிருந்து கவர்னர் வீட்டு வாசல் வரும் ஒவ்வொரு ஷாட்டிலும் அதே கோலம், அதே இடத்தில் இருந்தாக வேண்டும். இதைக் கன்னியம்மாவிடம் சொல்ல என்னை அனுப்பினார்கள். தரை என் இலாகாவாம். எனக்குப் பெண்பிள்ளைகள் முகத்தைப் பார்த்துப் பேச வராது. நான் கவர்னர் வீட்டுத் தூணைப் பார்த்துச் சொன்னேன்.

"தூணு கோலம் போடாது நைனா, என்னைப் பாத்து சொல்லு" என்றாள் கன்னியம்மா. "நேத்து போட்டதையே இன்னிக்கும் போடணுமா? நாளைக்கும் அதேவா? பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க? இவளுக்கு வேற கோலமே தெரியாதுன்னுகினு போவாங்க."

"பாக்கறவங்க தேளுன்னு நெனச்சிப்பாங்க" என்றேன் தூணிடம்.

"இன்னாது?"

விஷயத்தைச் சொன்னதும் அவள் சிரித்த சிரிப்பில் காக்காய்கள் தாமாகவே பறந்துபோயின. அதன்பிறகு தினமும் அதே தாமரையைப் போட்டாள். ஆனால் ஒட்டகம் மிதித்தால் மட்டும் பாயை விடமாட்டாள். "உன் ஒட்டகத்துக்குத் தேளு கொட்ட!" என்பாள்.

கடைசி நாள் வந்தது. மறுநாள் வாலிபன் கொழும்புக் கப்பலைப் பிடிக்க ரயிலேறுகிறார். மீதி இருந்தது கடைசிக் காட்சி மட்டும். கதவு திறக்கும், கவர்னர் வெளியே வருவார், மன்னிப்பார், பாடுவார். கவர்னர் அன்று பால் குடித்துவிட்டு, தொண்டைக்கு மப்ளர் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். சிப்பாய்கள் உடுப்பு மாட்டிக்கொண்டு நின்றார்கள். எல்லைக் கல் காலியாக இருந்தது.

அப்போதுதான் குப்பத்திலிருந்து ஆள் ஓடிவந்தான். கிழவர் விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

எங்கள் சிப்பாய்கள் எல்லோருமே அவருக்கு ஏதோ ஒரு வகையில் பிள்ளைகள், பேரன்கள். உடுப்பைக் கழற்றக்கூட நிற்கவில்லை. துப்பாக்கிகளை மணலில் போட்டுவிட்டு ஓடினார்கள். டைரக்டர் வானத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். கவர்னர் மப்ளரை அவிழ்த்து நாற்காலியில் போட்டுவிட்டு, குல்லாயும் அங்கியுமாகவே அவர்கள் பின்னால் நடந்தார். "நானும் போகிறேன்" என்று என்னிடம் சொன்னார். நானும் போனேன்.

அப்படி ஒரு ஊர்வலத்தை அடையாறு அதற்குமுன் பார்த்திருக்காது. முன்னால் தப்பட்டை, நடுவில் பாடை, இரு பக்கமும் சகாரா எல்லைச் சிப்பாய்கள், பின்னால் கவர்னர், அவருக்குப் பின்னால் ஒட்டகத்தைப் பிடித்துக்கொண்டு பாய். சாலையில் நின்றிருந்த போலீஸ்காரர் காக்கியைப் பார்த்ததும் விறைப்பாக நின்று சலாம் வைத்தார். எங்கள் ஆட்களில் ஒருவன், அழுதுகொண்டிருந்தவன், பதிலுக்குச் சலாம் வைத்தான். பெருமைதான். கிழவருக்குத் தெரிந்திருந்தால் சிரித்திருப்பார்.

குழிக்கருகில் எல்லோரும் மண் போட்டார்கள். கவர்னர் முறை வந்தபோது, கையில் மண்ணோடு நின்றார். "தினமும் இன்னொரு தடவை பாடுன்னு கேப்பாரு" என்றார். பிறகு பாட ஆரம்பித்துவிட்டார். அது கல்யாணப் பாட்டு. பெண்ணையும் மாப்பிள்ளையையும் வாழ்த்தும் பாட்டு. இடுகாட்டில் எனக்கு உடம்பெல்லாம் கூசிற்று. யாராவது அடித்துவிடுவார்களோ என்று பார்த்தேன். தப்பட்டைக்காரர் ஒரு நிமிஷம் கேட்டார். அப்புறம் தாளம் பிடித்துக்கொண்டார். முழுப் பாட்டும் பாடி முடித்தபின்தான் கவர்னர் மண்ணைப் போட்டார்.

கடலில் தலை முழுகிவிட்டு, நனைந்த உடுப்போடு எல்லோரும் செட்டுக்குத் திரும்பினபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. வெளிச்சம் இருக்கும் கொஞ்ச நேரத்துக்குள் காட்சியை எடுக்காவிட்டால் படத்துக்கு முடிவே கிடையாது. டைரக்டர் ஓடி ஓடி ஆளை நிறுத்தினார். அப்புறம் வாசலைப் பார்த்தார். இந்தத் தடவை எல்லோருமே பார்த்தோம். வாசல் வெறுமையாகக் கிடந்தது. தண்ணீர்கூடத் தெளிக்கவில்லை.

"போய்க் கேள்" என்றார் என்னிடம்.

கன்னியம்மா ஈரத் தலையோடு நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். நான் தூணைத் தேடவில்லை. "அம்மா, கோலம்..." என்றேன்.

"எம் மாமனாரு அண்ணன் பொணம் இப்பத்தான் மண்ணுல போச்சி. பங்காளி வூடு. காரியம் முடியற வரைக்கும் வாசல்ல ஒரு புள்ளி வெக்கக் கூடாது. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். டைரக்டருக்கும் தெரியும். எங்கள் பெயிண்டர் சாக்கட்டியை எடுத்துக்கொண்டு, "நானே வரைஞ்சுடறேன் சார், கோலமா அது? சித்திரம்தானே" என்று முன்னால் வந்தார். கன்னியம்மா எழுந்து நிலையில் கையை வைத்து மறித்து நின்றாள்.

"சாவு தீட்டுல என் வாசல்ல எவன் கோலம் போடுவான்? போட்டுப் பாரு."

ஈரச் சிப்பாய்கள் ஒவ்வொருவராக வந்து அவள் பின்னால் நின்றார்கள். கையில் மரத் துப்பாக்கிதான். இருந்தாலும் பெயிண்டர் சாக்கட்டியைப் பையில் போட்டுக்கொண்டார்.

டைரக்டர் கெஞ்சினார். "அம்மா, கோலம் இல்லேன்னா படமே நின்னு போயிடும். போன ஷாட்லே இருக்கு, இந்த ஷாட்லே இல்லேன்னா ஜனங்கள் என்ன நெனச்சுப்பா?"

"இன்னா நெனப்பாங்க? சாவு வூடுன்னு நெனப்பாங்க. உன் கவர்னரும் செத்துட்டான்னு வெச்சிக்கோயேன்!" என்று கோபமாகச் சொல்லிவிட்டு, அவள் மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

டைரக்டர் வாசலைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகத் திரும்பிக் கவர்னரைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம்.

"அப்படிப் பாக்காதீங்க" என்றார் கவர்னர். "நான் சாகமாட்டேன்."

"அண்ணா, ஒரு நிமிஷம் கேளுங்கோ..."

"கேக்க மாட்டேன். எத்தனை நாடகத்துல செத்திருக்கேன்! கத்தியில செத்தாச்சு, விஷத்துல செத்தாச்சு, யானை மிதிச்சும் செத்தாச்சு. அப்பெல்லாம் மேடையிலயாவது செத்தேன். இந்தச் சாவுல நான் வரவே மாட்டேனே! கதவுக்குப் பின்னால செத்துக் கிடக்கணுமா? கபாலி மேல ஆணை வெச்சீரே!"

டைரக்டர் தலையைக் குனிந்துகொண்டார். வாக்குக் கொடுத்தவர். கட்டாயப்படுத்த அவருக்கு வாய் வரவில்லை. சூரியன் சவுக்குத் தோப்பின் தலையைத் தொட்டுவிட்டது. காமிராக்காரர் ஒரு தடவை இருமினார்.

கவர்னர் கொஞ்ச தூரம் நடந்து போனார். எல்லைக் கல் பக்கம் நின்றார். கல்லின் மேல் பாதி பிடித்து அணைத்த பீடி ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு திரும்பி வந்து குல்லாயைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"பாட்டைக் கேக்கவேண்டியவர் கேட்டாச்சு" என்றார். "கொன்னுடுங்க. சீக்கிரம். வெளிச்சம் போகுது."

நான் ஈர்க்குமாற்றை எடுத்துக்கொண்டு மணலைச் சமப்படுத்தப் போனேன். டைரக்டர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "இன்னிக்குப் பெருக்காதே" என்றார். இடுகாட்டிலிருந்து திரும்பியவர்களின் ஈரக் கால்தடங்கள் வாசல்வரை வந்து நின்றிருந்தன. அந்தப் படத்தில் தடம் இருந்தது அந்த ஒரு ஷாட்டில் மட்டும்தான்.

வாலிபன் ஒட்டகத்திலிருந்து இறங்கி வாசலுக்கு வருகிறான். கால்தடங்களைப் பார்க்கிறான். வெறும் வாசலைப் பார்க்கிறான். சிப்பாய்கள் நிமிரவில்லை. அவர்களை அன்று யாரும் நடிக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கதவு திறக்கிறது, பெண் மட்டும் வருகிறாள். அவ்வளவுதான். வசனமே கிடையாது. எழுத நேரமில்லை. காமிரா நின்றபோது என் நிழல் எல்லைக் கல்லைத் தாண்டி இத்தாலிக்காரன் பக்கம் விழுந்திருந்தது.

படம் அந்த மார்கழியில் மந்தைவெளிப் பக்கம் ஒரு கொட்டகையில் ஓடியது. கவர்னர், பாய், நான் மூவரும் மாலை ஆட்டத்துக்குப் போனோம். கன்னியம்மா பெண்கள் பக்கம் மணலில் உட்கார்ந்திருந்தாள். படம் முழுக்கக் கவர்னர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். "பாட்டு இல்லாம எப்படிடா..." என்று என் காதில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

வெறும் வாசல் வந்தது. கொட்டகையில் சுண்டல் விற்கிறவன் சத்தம் நின்றது. வாலிபன் இன்னும் அதைப் பார்க்கவேயில்லை, ஒட்டகத்தின் மேல்தான் இருக்கிறான். அதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "ஐயோ, கவர்னரு பூட்டாருடி!" ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். அப்புறம் பலர். சகாராவில் யார் செத்தாலும் அழுவதற்கு மந்தைவெளியில் ஆள் இருந்தது.

கவர்னர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "எத்தனை தடவை செத்திருக்கேன்" என்றார் மெதுவாக. "ஒருத்தியும் அழுததில்லையே!"

வெளியே வந்தபோது கன்னியம்மா எங்களைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளை வேட்டியும் விபூதியுமாக நின்ற கவர்னரைப் பார்த்து, "இன்னா கவர்னரே, காரியம்கூட முடியல, அதுக்குள்ள எய்ந்து வந்துட்டே?" என்றாள்.

"பசிச்சுது தாயே" என்றார் கவர்னர். "சாவு வீட்டுல அடுப்பு மூட்ட மாட்டேங்கறாங்க."

சாலையில் போன பெண்கள் அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நாங்கள் பேசிக்கொண்டே தெருவில் நடந்தோம். பாய் ஒட்டகத்தின் அடுத்த படத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். பின்னால் வந்த கன்னியம்மா திடீரென்று நின்று, அன்று காக்காய்களைப் பறக்கவைத்த அதே சிரிப்பைச் சிரித்தாள்.

"பாரு, பாரு! மூணு பேரும் போறதப் பாரு!"

திரும்பிக் கீழே பார்த்தோம். ஒரு வீட்டு வாசலில், தெருவிளக்கு வெளிச்சத்தில், தெருவை அடைத்துப் பெரிய மார்கழிக் கோலம், நடுவில் காலையில் வைத்து வாடிப்போன பூசணிப்பூ. மூவரும் பேச்சை நிறுத்தாமலே, ஒருவர்பின் ஒருவராக, சுவரோரம் ஒதுங்கிச் சுற்றி வந்திருந்தோம். நானும்கூட. அந்தப் பிலிமைப் பார்த்த நாளிலிருந்து வாசல் வாசலாகப் பார்த்துக்கொண்டு நடந்தவன் நான்.

கேட்க முதலாளி அங்கே இல்லாவிட்டாலும் பாயே பதில் சொன்னார். தாடியைத் தடவிக்கொண்டு, "தேளும்மா" என்றார். "தேளுக்கு பயந்துகினுதான்."